மீனின் வாயருகே ஒரு சிறு முகில்

வானம் நமக்குப் புதியதன்று. தொழுகையின் நேரங்களைக் கதிரவனின் போக்கால் கணிக்கின்றோம். மாதங்களைப் பிறை கண்டு தொடங்குகின்றோம். ‘அந்நஜ்ம்’, ‘அல்புரூஜ்’, ‘அத்தாரிக்’ என விண்ணைச் சார்ந்த பெயர்களைத் தாங்கிய திருக்குர்ஆன் அத்தியாயங்களை ஓதி வருகின்றோம். வானத்தை ஒரு முறை நோக்கியதோடு நின்றுவிடாமல் மீண்டும் மீண்டும் நோக்கும்படி மனிதனை அழைக்கும் அத்தியாயமும் நம் நாவில் பழகியதுதான். இவ்வளவும் இருந்தும், ஆண்டில் இரண்டு மூன்று மாலைகளில் பிறை தேடுவதைத் தவிர்த்து, நம்மில் எத்தனை பேர் இரவு வானை நிமிர்ந்து பார்க்கின்றோம் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாயில்லை.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் அண்டவெளியின் நிழற்படங்களைக் கொண்டுவந்து காட்டுகின்றனர். செந்நிற முகில்களும், நீல வளையங்களும், சுழன்று விரியும் விண்மீன் மண்டலங்களும் அவற்றில் தெரிகின்றன. அவற்றைக் கண்டதும் “ஸுப்ஹானல்லாஹ்” என்கின்றோம். சொல்ல வேண்டியதும் அதுவே. ஆனால் அடுத்த கணமே, “இதெல்லாம் நம் முன்னோர் என்றோ கண்டுபிடித்தவைதாம்” என்று கூறிப் பேச்சை முடித்துவிடுகின்றோம். நம் முன்னோர் கண்டது எது, காணாதது எது, அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இக்குறையை எண்ணியே, வானில் உள்ள ஒரேயொரு பொருளை எடுத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளில் மனிதர் அதை எப்படிப் பார்த்து வந்தனர் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்பொருளை எழுத்தில் பதித்தவர்களுள் நாம் அறிந்தவரை முதல்வர் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி ஆவார். ஹிஜ்ரி 291, அதாவது கி.பி. 903இல் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தவர். பெயரைக் கண்டு இவரைத் தஸவ்வுஃப் நெறிப் பெரியார்களின் வரிசையில் வைத்துவிடலாகாது. இவர் புகழ் பெற்றது வானியலில். புவைஹிய அரசர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்து, இஸ்பஹானிலும் ஷீராஸிலும் விண்ணை ஆராய்ந்தார். கி.பி. 964இல் அவர் இயற்றிய நூல் ‘ஸுவருல் கவாகிபிஸ் ஸாபிதா’. ‘நிலைத்த விண்மீன்களின் உருவங்கள்’ என்பது அதன் பொருள்.

கிரேக்க அறிஞர் தாலமியின் ‘அல்மஜஸ்தி’ வகுத்த 48 விண்மீன் கூட்டங்களையும் அஸ்ஸூஃபி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருவங்களை வரைந்தார். ஒன்று, தரையில் நின்று நோக்குவோருக்குத் தெரியும் உருவம்; மற்றொன்று, வான்கோள உருண்டையில் வெளியிலிருந்து நோக்கினால் தெரியும் உருவம். கிரேக்கர் வழக்கை உரைத்தபின், பாலைவன அரபியர் அதே விண்மீன்களுக்கு வழங்கிய பெயர்களையும் கதைகளையும் சேர்த்தார். விண்மீன்களின் ஒளி அளவைத் தம் கண்ணாலேயே சோதித்துத் தாலமியின் மதிப்பீடுகளைத் திருத்தினார். இருப்பிடங்களை மட்டும் அவர் புதிதாக அளக்கவில்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நேர்ந்த நகர்வுக்காகத் தாலமியின் தீர்க்கரேகைகளோடு 12 பாகை 42 கலை கூட்டி எழுதிக்கொண்டார். எதை அவர் தாமே செய்தார், எதைப் பிறரிடமிருந்து ஏற்றார் என்பதை மறைக்காமல் சொல்வதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்நூலின் முன்னுரையில் அவர் தெரிவிக்கும் குறை நம் கவனத்துக்குரியது. விண்மீன்களைப் பற்றி எழுதியவர்களிலும், வான்கோள உருண்டைகள் செய்தவர்களிலும் பலர் வானைப் பார்க்காமலே, முந்திய நூல்களில் கண்டதை அப்படியே எடுத்தெழுதினர் என்பதே அது. பெயர் பெற்ற அறிஞர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஏட்டில் உள்ளதை வானோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நூலின் உயிர்நாடி.

அவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தவர், ‘அல்மர்அத்துல் முஸல்ஸலா’, அதாவது சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெண் என்று அரபியர் அழைத்த ஆந்திரமேதா கூட்டத்தை விவரிக்கும் இடத்தில், அதன்மேல் அரபியர் கற்பித்துக்கொண்ட பெரிய மீன் ஒன்றின் உருவத்தையும் காட்டுகின்றார். அம்மீனின் வாயருகே முகில் போன்ற ஒரு மங்கிய திட்டு இருப்பதைக் குறித்து வைத்தார். படத்தில் அது சில புள்ளிகளின் கூட்டமாகத் தெரிகின்றது. அதைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. அது என்ன என்பதற்கு விளக்கம் தரவும் முற்படவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதிவிட்டு அடுத்த விண்மீனுக்குச் சென்றுவிட்டார்.

அந்நூல் வீணாகவில்லை. நஸீருத்தீன் தூஸி அதனைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். ஸமர்கந்தில் பெரும் வானாய்வுக்கூடம் எழுப்பிய அரசர் உலூக் பேக்கின் நூலகத்தில் அதன் அழகிய படி ஒன்று இருந்தது. அப்படி இப்போது பாரிஸில் பாதுகாக்கப்படுகின்றது. ஐரோப்பியர் அஸ்ஸூஃபியின் பெயரை ‘அஸோஃபி’ என்று திரித்து வழங்கினர். நிலவின் பெருங்குழிகளுள் ஒன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும் மீனின் வாயருகே இருந்த முகில் முகிலாகவே இருந்தது. 1612இல் ஜெர்மானியரான சைமன் மாரியஸ் தொலைநோக்கியால் அதைப் பார்த்தார். கொம்புத் தகட்டின் ஊடே தெரியும் மெழுகுவத்திச் சுடர்போல் அது அவருக்குத் தோன்றிற்று. 1764இல் பிரெஞ்சு அறிஞர் மெஸ்ஸியே தம் பட்டியலில் அதற்கு 31ஆம் எண் கொடுத்தார். கருவிகள் பெருத்தன; ஆனால் அது என்ன என்னும் வினா தீரவில்லை.

ஏன் தீரவில்லை? குறை தொலைநோக்கியில் மட்டும் இல்லை. நம் கண்ணின் இயல்பிலும் இருந்தது. கண்ணானது ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. நொடியின் சிறு பகுதியில் வந்த ஒளியைக் கண்டு அறிவித்துவிட்டு, அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடுகின்றது. நடப்பதற்கும் உழைப்பதற்கும் அத்தகைய கண்ணே நமக்குத் தேவை. அது இறைவனின் பேரருள். ஆனால் மிக மெல்லிய ஒளியைக் காண வேண்டுமாயின், துளித்துளியாய் ஒழுகும் நீரைக் குடம் வைத்துப் பிடிப்பதுபோல், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும் ஒன்று வேண்டும். அதுவே நிழற்படத் தகடு.

இவ்விடத்தில் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு கூற்றை ஆராய்வது பொருத்தமாகும். “காமிராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்” என்கின்றனர். அஸ்ஸூஃபியின் நூல் எழுந்த காலத்தை ஒட்டி, கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர் இப்பேரறிஞர். கிரகணத்தின் உருவத்தைப் பற்றி, ‘ஸூரத்துல் குஸூஃப்’ என்னும் பொருளில் தனியே ஓர் ஆய்வுரை எழுதினார். கிரகண வேளையில் சிறு துளை வழியே புகும் கதிரவனின் ஒளி எதிரே பிறை வடிவில் விழுவது ஏன், துளை பெரிதானால் அவ்வடிவம் மறைவது ஏன் என்பவற்றைக் கணித முறையில் அவர் விளக்கினார். துளை வழியே உருவம் விழுவதை அவருக்கு முன்னும் கண்டவர் உண்டு; காரணத்தை ஆராய்ந்து நிறுவியதே அவர் பெருமை. ஆனால் விழுந்த உருவத்தை நிலைநிறுத்தும் வழி அவர் காலத்தில் இல்லை. அதற்கு வெள்ளி உப்புகளைப் பற்றிய வேதியியல் அறிவு வளர வேண்டியிருந்தது. 1839இல் பிரான்சில் தாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னரே அது கைகூடிற்று. இவ்வுண்மையைச் சொல்வதால் இப்னுல் ஹைதமின் மதிப்புக் குறையாது. மிகைபடக் கூறினால்தான், கேட்கும் பிள்ளை ஒரு நாள் உண்மையை அறிந்து நம் சொல் முழுவதையும் ஐயுறும்.

தாகேரின் முறை வெளியான மறு ஆண்டே, 1840இல், நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம் பிடித்தார். 1850 ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் பாண்ட், விப்பிள் என்னும் இருவர் கதிரவனல்லாத ஒரு விண்மீனின் உருவத்தை முதன்முதலாகத் தகட்டில் பதித்தனர். ஒளி பட்ட நேரம் ஏறத்தாழ 100 நொடி. அவ்விண்மீனின் பெயர் வேகா. நம் மத்ரஸா மாணவர் இப்பெயரின் மூலத்தை எளிதில் உணர்வர். இறங்கும் கழுகு என்னும் பொருளுடைய ‘அந்நஸ்ருல் வாகிஃ’ என்பதில் ‘வாகிஃ’ என்ற சொல்லே வேகா ஆயிற்று. அல்தபரான், ரிஜ்ல், தனப், அத்தாயிர் முதலிய பெயர்களும் இவ்வாறே உலகெங்கும் வழங்குகின்றன.

1880 செப்டம்பர் 30ஆம் நாள், முன்னவரின் மகன் ஹென்றி டிரேப்பர் ஓரியன் விண்முகிலை 51 நிமிடம் ஒளி படச் செய்து பதித்தார். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வது போல் தோன்றும். அந்நகர்வுக்கு இணையாகத் தொலைநோக்கியும் பிசகின்றித் திரும்பினாலன்றிப் படம் கோடாக இழுபட்டுவிடும். ஆகவே அக்காலத்து வானியலார் கடிகாரப் பொறியை நம்பியதோடு, குளிரில் கண் இமைக்காது கருவியருகே அமர்ந்து, வழிகாட்டும் விண்மீன் ஒன்றை நூலிழைக் குறிமேல் நிறுத்தி வைத்திருந்தனர். அழகிய படம் ஒவ்வொன்றின் பின்னும் இத்தகைய பொறுமை உண்டு.

இப்பொறுமையே மீனின் வாயருகே இருந்த முகிலைத் திறந்தது. இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கு அண்மையில் வாழ்ந்த ஐஸக் ராபர்ட்ஸ், 1888 டிசம்பர் 29ஆம் நாள் தம் 20 அங்குலத் தொலைநோக்கியால் அதனை ஏறத்தாழ நான்கு மணிநேரம் ஒளி படச் செய்து பதித்தார். தகட்டைக் கழுவியபோது தெரிந்தது வெறும் முகிலன்று. ஒளிமிக்க நடுவைச் சுற்றி, கரும்பட்டைகள் இடையிட, சுருள் சுருளாக விரியும் ஒரு பேருருவம் தெரிந்தது. அஸ்ஸூஃபி எழுதி 924 ஆண்டுகள் கழிந்த பின்னரே மனிதக் கண் அதன் வடிவத்தைக் கண்டது. ராபர்ட்ஸும் அதைச் சரியாகப் பொருள் கொள்ளவில்லை. புதிதாய் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு கதிரவக் குடும்பம் என்றே கருதினார். கருத்து பிழைத்தாலும் படம் பிழைக்கவில்லை.

பொருள் விளங்குவதற்கு இன்னும் இருவர் உழைப்பு வேண்டியிருந்தது. ஹார்வர்டில் கண்ணாடித் தகடுகளை ஆராயும் பணியில் இருந்த ஹென்ரியெட்டா லீவிட் என்னும் பெண்மணி, ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டு நோக்கினார். அவற்றின் துடிப்புக் காலம் நீளுந்தோறும் உண்மை ஒளியும் மிகும் என்னும் விதியை 1912இல் அவர் வெளியிட்டார். உண்மை ஒளி தெரிந்தால், தோன்றும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் அம்முகிலைப் படம் பிடித்தார். புதிதாய்ச் சுடர்ந்த விண்மீன் என்று முதலில் குறித்திருந்த ஒன்று, பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது, லீவிட் ஆராய்ந்த வகையைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது. தகட்டின் மேல் தாம் எழுதிய முதற் குறியை அடித்துவிட்டு, ‘மாறும் ஒளியுடையது’ என்னும் பொருளில் வியப்புக்குறியோடு அவர் எழுதியது இன்றும் அக்கண்ணாடியில் காணப்படுகின்றது. 1925 ஜனவரி முதல் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. அம்முகில் நம் பால்வழி மண்டலத்தைச் சேர்ந்ததன்று. அதற்கப்பால் தனித்து நிற்கும் வேறொரு விண்மீன் மண்டலம். இன்றைய கணக்கின்படி அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள். அஸ்ஸூஃபியின் கண்ணில் பட்ட ஒளி, 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளியாகும்.

இவ்வளவையும் ஐரோப்பியரும் அமெரிக்கருமே செய்தனர் என்று எண்ணிச் சோர வேண்டியதில்லை. 1887இல் பாரிஸில் கூடிய வானியலார், வானம் முழுவதையும் படம் பிடித்து விண்மீன் அட்டவணை ஒன்றை ஆக்குவதென முடிவு செய்து, வானைக் கிடைப்பட்டைகளாகப் பிரித்து உலகின் வானாய்வுக்கூடங்களுக்குப் பங்கிட்டனர். தென்வானில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு ஒதுக்கப்பட்டு, அங்கே நிறைவேறாமற் போகவே, நம் தக்காணத்து ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே நவாப் ஸஃபர் ஜங் என்னும் பிரபு தம் சொந்தப் பொருளில் கருவிகள் வாங்கி, நிஜாமின் பெயரால் வானாய்வுக்கூடத்துக்கு அடிகோலியிருந்தார். அவர் மறைவுக்குப்பின் 1908இல் நிஜாம் அரசு அதை ஏற்றது. 1919இல் அது உஸ்மானியப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பாஸ்கரன் என்னும் அறிஞர் நெடுங்காலம் அதன் இயக்குநராயிருந்தார். 1944இல் அக்பர் அலி அப்பொறுப்பை ஏற்றார்.

இரவில் தகடுகளில் விண்மீன்களைப் பதிப்பதும், பகலில் நுண்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் அளந்து எழுதுவதுமாக அங்கே ஆண்டுக்கணக்கில் பணி நடந்தது. பல இலட்சம் விண்மீன்கள் இவ்வாறு பட்டியலாயின. பத்திரிகைகளில் பாராட்டும் படமும் வரத்தக்க வேலையன்று அது. அவற்றை அளந்தோரில் பலர் பயனைக் கண்ணால் காணாமலே மறைந்திருப்பர். ஆயினும் பயன் வந்தது. 1989இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் இருப்பிடங்களைப் புதிதாக அளந்தது. அவற்றைப் பழைய நிழற்பட அட்டவணையோடு ஒப்பிட்டு, சுமார் 25 இலட்சம் விண்மீன்கள் ஒரு நூற்றாண்டில் எவ்வளவு நகர்ந்தன என்பதைக் கணித்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த ஒப்பீட்டில் ஹைதராபாத்தின் அளவுகளும் பங்கு பெற்றன. பொருள் முற்றும் விளங்காவிடினும் கண்டதைப் பிழையின்றிப் பதித்து வைத்தால், பின்வருவோர் அதைப் பயன்கொள்வர் என்பதற்கு அஸ்ஸூஃபியின் முகிலைப் போலவே இதுவும் சான்றாகும்.

கண்ணாடித் தகடுகளின் காலம் இப்போது கடந்துவிட்டது. 1969இல் உருவான மின்னணு ஒளியுணரிச் சில்லு தகட்டின் இடத்தைப் பிடித்தது. 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி, 1995 டிசம்பரில் வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு வானத்துண்டைப் பத்து நாள் நோக்கியபோது, அதனுள் சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிக்கின்றது. ஆந்திரமேதா மண்டலத்தையே ஹபிள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பகுதி பகுதியாக எடுத்து, 600க்கும் மேற்பட்ட காட்சிகளை இணைத்த பெரும்படம் 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதில் சுமார் 20 கோடி விண்மீன்கள் தனித்தனியே தெரிகின்றன. மீனின் வாயருகே அன்று இட்ட சில புள்ளிகள் இன்று இருபது கோடிப் புள்ளிகளாய் விரிந்து நிற்கின்றன!

“இந்நிறங்கள் உண்மையா, தீட்டியவையா?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான வினா. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. ஆகவே தொலைநோக்கியால் நேரே பார்ப்போருக்கும் அவை பெரும்பாலும் சாம்பல் நிறமாகவே தெரியும். கருவியோ வெவ்வேறு வடிகட்டிகள் வழியே தனித்தனியே ஒளியைப் பதிக்கின்றது. அப்பதிவுகளுக்கு நிறம் கொடுத்து அறிஞர் இணைக்கின்றனர். சில படங்களில் அந்நிறம் இயற்கைக்கு நெருங்கியிருக்கும். வேறு சிலவற்றில் ஒரு வாயுவை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவும், காணவியலா ஒளியைக் காணச் செய்வதற்காகவும் நிறம் ஏற்றப்பட்டிருக்கும். இது பொய்யன்று, பெயர்ப்பு. ஒரு கூட்டத்துக்கு இரண்டு உருவங்கள் வரைந்து, எது எவ்வாறு நோக்கியது என்று அஸ்ஸூஃபி சொல்லி வைத்தாரல்லவா? படத்தோடு அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க நம் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

அரபு மொழியில் நிழற்படம் எடுப்பதற்கு இன்று வழங்கும் சொல் ‘தஸ்வீர்’. அஸ்ஸூஃபியின் ‘ஸுவர்’, இப்னுல் ஹைதமின் ‘ஸூரத்’ ஆகிய சொற்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. உருவங்களை வகுத்தளிக்கும் அல்லாஹ்வின் திருநாமமாகிய ‘அல்முஸவ்விர்’ என்பதும் அவ்வேரினதே. உருவம் படைப்பது அவன் செயல். அவன் படைத்ததை உள்ளவாறே கண்டு பதிப்பது மனிதனுக்கு இயன்ற செயல். நம் முன்னோர் இவ்விரண்டையும் வேறு வேறாக அறிந்திருந்தனர். ஆதலால் அவர்தம் ஆராய்ச்சி அவர்களைப் பணிவின்பால் செலுத்திற்று.

அஸ்ஸூஃபி யாரைக் கண்டித்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. வானைப் பாராமல் ஏட்டைப் பார்த்து எழுதியவர்களைக் கண்டித்தார். இன்று அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாமே, வானைப் பாராமல் அவர் ஏட்டின் பெயரை மட்டும் பேசுவோமாயின், அவருடைய கண்டனம் நம்மையன்றி வேறு யாரைச் சாரும்?

பார்ப்பதற்குப் பெருங்கருவி தேவையில்லை. கார்த்திகை மாதத்தில், நிலவில்லாத முன்னிரவில், ஊர் விளக்கொளி படாத இடத்திலிருந்து வடவானை நோக்குங்கள். பூரட்டாதி, உத்திரட்டாதி ஆகிய நாள்மீன்கள் நான்கும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரம் உச்சியை ஒட்டித் தெரியும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காகச் செல்லும் வரிசையில் ‘மிராக்’ என்னும் ஒளிமிக்க விண்மீன் உண்டு. ‘மிஃஸர்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. அங்கிருந்து வடமேற்கே இரண்டு மங்கிய விண்மீன்களைக் கடந்தால், பஞ்சுத் துணுக்குப் போன்ற சிறு வெண்மை தெரியும். நிழற்படத்தில் முழுநிலவின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு விரியும் அம்மண்டலத்தின் நடுப்பகுதி மட்டுமே நம் கண்ணுக்குக் கிட்டும். பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். பின்னர் படத்தைக் காட்டுங்கள். கண்டதை நாளும் நேரமும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஷீராஸின் வானில் அஸ்ஸூஃபி கண்ட அதே முகில்தான் நம் ஊர் வானிலும் நிற்கின்றது. அதை நிமிர்ந்து நோக்கும் கண்ணையும், கண்டதை மிகையின்றி எழுதும் நேர்மையையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!